99 சதவீதம் காட்டிய எக்செல்

திருப்பூரில் சாயப்பட்டறைகள் சொட்டு கழிவுநீரும் வெளியே விடக் கூடாது, அதனால் செலவைக் குறைக்க நுண்கணிதத்தை எடுத்தேன். கழிவுநீரை மெம்பிரேன் என்ற நுண்சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கும் ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்பு நீரின், அதாவது ரிஜெக்ட்டின், பங்கு க என்றால், எங்கள் பட்டறையில் ஆர்.ஓ. செலவு சுமார் 4/க, ரிஜெக்ட்டை எவாப்பரேட்டரில் காய்ச்சி ஆவியாக்க 400க (நாளுக்கு, ஆயிரம் ரூபாயில்). மொத்தச் செலவு மிகக் குறையும் இடத்தைக் காண அதன் வகையீட்டைப் பூஜ்ஜியமாக்கினால், எக்செல் 99 சதவீத நீரை மீட்கச் சொன்னது. அப்படிப் பிழிந்தால் மெம்பிரேன் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும்.

வகையீட்டை மூன்று முறை போட்டேன், இரண்டாம் வகையீடும் நேர்மறைதான் (அதாவது அது குறைந்தபட்சப் புள்ளிதான்), மின்கட்டணத்தை மாற்றிப் பார்த்தேன், மூன்று நாள் போச்சு. கடைசியில் பார்த்தால் எவாப்பரேட்டர் செலவைக் கணக்கிடும் எக்செல் கட்டத்தில் மட்டும் க-வைச் சதவீத எண்ணாக, அதாவது 0.1 என்பதை 10 என்று எடுத்திருக்கிறது. நூறு மடங்கு பிழை, ஆனால் விடையில் வர்க்கமூலம் வருவதால் பத்து மடங்காகச் சுருங்கி, நம்பும்படியான எண்ணாக உட்கார்ந்துகொண்டது. திருத்தியதும் 90 சதவீதம், இரண்டு செலவும் தலா 40,000 ரூபாய். அப்பாடா!