லைப்ரரியில என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்வது எப்படி

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார், "சாருக்கு எங்க வேலை?" லைப்ரரியில் என்றதும் அடுத்தது தயாராக இருக்கும்: "ஓ, சும்மா இருந்து பேப்பர் வாசிக்கலாம், இல்லியா?" நானும் பல வருஷம் சிரித்துக்கொண்டே ஆமாம் போட்டவன்தான். ஊர்ப்புற நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்றால் முதலில் அந்த ஆமாமை நிறுத்துங்கள்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேடும் இரவல் கணக்கும் மேலே அனுப்பத்தான், அதில் உங்கள் வேலை தெரியாது. இந்த நோட்டில் வந்தவர்கள் கேட்டதையும் நீங்கள் செய்ததையும் மட்டும் ஒரு மாதம் எழுதுங்கள். "நீல அட்டை போட்ட புக், போன வருஷம் அந்த மூலையில இருந்துச்சு" என்பதும் கேள்விதான், குரூப் 4 பழைய வினாத்தாளும் கேள்விதான்.

என் நோட்டில் ஒரு பக்கம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கத்துப் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் கவரில் பழைய பத்திரம் கொண்டுவந்தார், முழுக்க மலையாளம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தோமே, இப்படிப் பத்திரம் இங்கே நிறைய வீட்டுப் பரணில் கிடக்கும். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் தினமும் பத்தரைக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் மலையாளப் பேப்பர் விரிக்கிற ரிட்டயர்டு வாத்தியாரைத் தெரியும். இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தேன். அரை மணி நேரத்தில் கிழக்கு எல்லை தென்னைமரம் வரை வாசித்துவிட்டார்கள். அன்று ஒரு புத்தகம்கூட இரவல் போகவில்லை, பதிவேட்டைப் பார்த்தால் நான் சும்மா இருந்த நாள்.

மாத முடிவில் நோட்டைப் புரட்டினால், யாருக்கு எது வேண்டும், அது எங்கே அல்லது யாரிடம் கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் இந்த வேலை என்பது தெரியும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று, இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படுகிற எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதியாக எழுதிவைத்தது இதைத்தான். இன்னொன்று, கணக்கு வாத்தியாரான அவரே 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனதும் சலித்துப்போய், பழைய வேலைக்கே போகிறேன் என்று கெஞ்சியவர்தான். லண்டன் போய் அங்கே நூலகங்கள் நடக்கிற விதத்தைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. ஆக, உங்களுக்கும் சலித்தால் பயப்பட வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் சறுக்காதீர்கள். அறிவுக் கோயில், சேவை என்றெல்லாம் மேடையில் சொல்வார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும், சம்பளம் பற்றிப் பேச்செடுத்தால் அதே சேவையைத் திருப்பிச் சொல்வார்கள். இது சம்பளத்துக்குச் செய்கிற தொழில், சொத்து வரியோடு மக்கள் கட்டுகிற நூலக வரியில் நடப்பது. கூட்டிப் பெருக்குவதும் இதில் உண்டு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற ஊர் இது, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடாவிட்டால் புத்தகம் பூசணம் பூத்துவிடும்.

போன மாதம் மறுபடியும் ஒரு பந்தி, அதே கேள்வி. நான் பத்திரக் கதையைச் சொன்னேன். ரசம் வரும்வரை கேட்டவர், தன் வீட்டிலும் அப்படி ஒன்று கிடக்கிறது, வெள்ளிக்கிழமை கொண்டுவரட்டுமா என்றார். வெள்ளி லீவு, சனிக்கிழமை பத்தரைக்கு வாருங்கள் என்றேன்.