தைலத்தை அலமாரியிலேயே வையுங்கள்: வலியில் இருக்கும் நாய், பூனைக்கு நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டு லாப்ரடார் மணிக்குப் பதினோரு வயதானபோது பின்னங்கால்கள் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தன. காலையில் எழுந்து நிற்கவே நாலைந்து தடவை முயலும். நான் செய்த முதல் காரியம், நீலகிரித் தைலத்தை எடுத்து அதன் இடுப்பில் பரபரவென்று தேய்த்தது. நமக்குக் கேட்கிறதே, நாய்க்குக் கேட்காதா என்ற நினைப்புதான். அரை மணி நேரத்தில் எட்டிய மட்டும் நக்கிவிட்டு, ராத்திரி முழுக்க எச்சில் ஒழுக வாந்தி எடுத்தது.

மாத்திரை இல்லாமலும் வலியை ஓரளவு குறைக்க முடியும். ஆனால் மாத்திரை வேண்டாம் என்றதுமே நம் கை தைலப் பாட்டிலுக்குப் போவதில்தான் சிக்கல். நீலகிரித் தைலம், டீ ட்ரீ ஆயில், கற்பூரம் சேர்ந்த வலிக் களிம்புகள் எதுவுமே நக்கும் பிராணிக்கு ஆகாது. பாட்டி வைத்தியமான பூண்டெண்ணெயும் அப்படித்தான். பூண்டு வயிற்றுக்குள் போனால் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். கடைசியில் பொறுமை போய் நம் பாராசிட்டமாலில் கால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பாகி, உயிரே போய்விடும்.

சரி, ஒத்தடம் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் சூடா குளிரா என்பதில்தான் பலர் மாற்றிச் செய்கிறார்கள். புதிதாக அடிபட்டு வீங்கியிருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் குளிர் ஒத்தடம்தான். ஐஸை நேராக வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள். நாள்பட்ட மூட்டு இறுக்கத்துக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு போதும். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். சுட்டால் அதற்கும் சுடும். பத்துப் பதினைந்து நிமிடம் போதுமானது. மின்சார ஹீட்டிங் பேடில் படுக்க வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகவே கூடாது. எழ முடியாத கிழட்டு நாய், சுடுகிறதே என்று நகர்ந்து படுக்கவா போகிறது?

இதையெல்லாம் விடப் பெரிய தவறு சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. அவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நாய்க்கு, மற்றது தின்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே உணவு வைத்தார்கள். அளவாகத் தின்றவை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பல ஆண்டு தள்ளியே வந்தது. ஏற்கெனவே குண்டாக இருந்து நொண்டும் நாய்க்கும், எடையில் ஆறேழு சதவீதம் இறங்கினாலே நடையில் வித்தியாசம் தெரியும். 35 கிலோ நாய்க்கு அது இரண்டரை கிலோவுக்குள்தான். விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தோம். கூட்டிப் பார்த்தால் தினமும் எட்டு!

அடுத்தது தரை. பளபளவென்ற டைல்ஸ் நமக்கு அழகு, மூட்டு வலி நாய்க்கு அது சறுக்கு மரம். ஒவ்வொரு தடவை எழும்போதும் பின்னங்கால் விரிந்துகொண்டு போகும், அதற்குப் பயந்தே எழாமல் கிடக்கும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ரப்பர் மேட்டோ பழைய யோகா மேட்டோ விரியுங்கள். நகத்தையும் பாதத்துக்கு அடியில் வளரும் முடியையும் வெட்டிவிடுங்கள். மணியிடம் சட்டென்று மாற்றம் தெரிந்தது இதில்தான்.

வலிக்கிறதே என்று முழுக்கக் கட்டிப்போடுவதும் சரியில்லை. நடக்காவிட்டால் தொடைச் சதை கரைந்து, மூட்டுக்கு இருந்த தாங்கலும் போய்விடும். வாரமெல்லாம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போவது அதைவிட மோசம். தினமும் இரண்டு மூன்று தடவை, பத்துப் பத்து நிமிடம், வெயிலுக்கு முன்னும் பின்னும் நடத்துங்கள்.

பூனை விஷயத்தில் தவறே வேறு. அதற்கு வலிக்கிறது என்றே நமக்குத் தெரிவதில்லை. பூனை பெரும்பாலும் நொண்டிக் காட்டாது, கத்தாது. ஜன்னல் திட்டில் தாவுவதை நிறுத்தும். முதுகை நக்கிச் சுத்தம் செய்யாததால் முடி சிக்குப் பிடிக்கும். மலஜலம் கழிக்க வைத்திருக்கும் மணல் தட்டு உயரமாக இருந்தால், ஏற முடியாமல் தட்டுக்கு வெளியே கழித்துவிடும். நாமோ வயசாகிவிட்டது என்போம், அல்லது திட்டுவோம். தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிட்டு, திட்டுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டுப் பாருங்கள்.

ஒத்தடம், தடவல் எதுவும் கூடாத நேரமும் உண்டு. பூனையின் பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து, பாதம் சில்லென்று இருந்து, அது அலறினால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். டேஷண்ட் போன்ற நீள முதுகு நாய் திடீரென்று பின்பக்கத்தை இழுத்தால் முதுகெலும்பு டிஸ்க் பிசகியிருக்கலாம். இரண்டுக்கும் உடனே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

அப்புறம், மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் மேட் விரித்த தைரியத்தில் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். போகும்போது, காலையில் அது எழுந்து நடப்பதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் நொண்டும் நாய், ஊசி வாசம் பட்டதும் பதற்றத்தில் விறைப்பாக நடந்து காட்டும். மணி ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் என் மானத்தை வாங்கியது.