வகுப்பறைக்குக் கதைப் புத்தகம் எடுத்துப் போகிறவர்கள் செய்யக் கூடாதவை

ஜூனில் பள்ளி திறந்ததும் எங்கள் வாசிப்புக் குழுவில் புதுமுகங்கள் வந்து சேரும். படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் பெண்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், வாரத்தில் அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு ஓ.எம்.ஆரிலிருந்து வரும் ஐடி தம்பிகள். பை நிறையக் கதைப் புத்தகங்களோடு வடசென்னைப் பள்ளிகளுக்குக் கிளம்புவார்கள். ஆடி பிறப்பதற்குள் புலம்பல் ஆரம்பித்துவிடும்: "பசங்களுக்கு இன்ட்ரஸ்டே இல்லக்கா." என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஆரம்பத்தில் நாங்கள் செய்து குட்டுப்பட்ட அதே காரியங்கள், ஒன்று விடாமல்.

படத்தைக் காட்டாமல் வாசிப்பது, ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் போவது, கடைசி வரிசைக்குக் கேட்காமல் முணுமுணுப்பது இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளைகளே திருத்திவிடுவார்கள். "தெரியல மிஸ், தூக்கிக் காட்டுங்க" என்று நாலு பேர் கத்தினால் கை தானாக உயரும். யாரும் கத்திச் சொல்லாத தவறுகள்தான் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பீரோவில் அடுக்குவது

படக்கதைப் புத்தகங்களில் பெரும்பாலானவை 16 பக்கம், 24 பக்கம். நடுவில் இரண்டு பின் அடித்தவை. முதுகு என்று ஒன்றே கிடையாது. பெரியவர்கள் புத்தகம்போல நிற்கவைத்து அடுக்கினால் வெளியே தெரிவது தாளின் விளிம்பு மட்டும். எந்தக் கதை எங்கே இருக்கிறது என்று டீச்சருக்கே தெரியாதபோது பிள்ளை எதைப் பார்த்துக் கேட்கும்? இரண்டு ஜன்னல் கம்பிக்கு நடுவே கொடிக்கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில். வாரம் ஒருமுறை பாதியை மாற்றுங்கள்.

பீரோ சாவி ஹெச்.எம். ரூமிலேயே தொங்கும் பள்ளிகளைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

வண்ண ஸ்டிக்கர்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் கிளப்புவது இதுதான். செய்கிறவர்கள் சோம்பேறிகளாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். ரொம்ப உழைக்கிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள்.

காசிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளி, ஆறாம் வகுப்பு. எங்கள் ஐடி தம்பி ஒருவர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, எக்செல் ஷீட் போட்டு, வகுப்பை மூன்றாகப் பிரித்தார். எழுத்துக்கூட்டுகிறவர்கள் பச்சை, தட்டுத்தடுமாறுகிறவர்கள் மஞ்சள், சரளமாக வாசிப்பவர்கள் சிவப்பு. புத்தகங்களுக்கும் அதே நிறங்களில் வட்ட ஸ்டிக்கர். சுவரில் சார்ட் பேப்பரில் பெயர்ப் பட்டியல், நிறத்தோடு. பார்க்க அவ்வளவு நேர்த்தி. அடுத்த வாரமே வராந்தாவில் "டேய் பச்சை, பந்தைப் போடுறா" என்று குரல் கேட்டது.

பச்சை ஸ்டிக்கர் புத்தகம் எப்படி இருக்கும்? பக்கத்துக்கு ஒரு வரி. கோழிக்குஞ்சு, ஆட்டுக்குட்டி, பலூன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுதியது. அதைப் பதினொரு வயதுப் பையனிடம், அவன் தினமும் கிரிக்கெட் ஆடும் கூட்டாளிகள் எதிரிலேயே நீட்டினால் என்ன செய்வான்? ஒருவன் அட்டையைப் பின்பக்கமாக மடித்து, கோழிக்குஞ்சு வெளியே தெரியாதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தான். என்னடா என்றேன். "தம்பிக்கு எடுத்தேங்க்கா." அவனுக்குத் தம்பி கிடையாது. மற்றவர்கள் அந்தப் பீரியட் வந்தாலே தண்ணீர் குடிக்கப் போனார்கள். மணி அடிக்கும்வரை குடித்தார்கள்.

இந்தத் தவறின் செலவு உடனே கணக்கில் வராது என்பதுதான் கொடுமை. சிவப்புப் பிள்ளைகள் வரிசையாக எடுத்துப் படிப்பார்கள், ரிஜிஸ்டரில் எண்ணிக்கை ஏறும், நன்கொடை தரும் கம்பெனிக்கு ரிப்போர்ட் ஜோராகப் போகும். புத்தகம் யாருக்காக அந்த வகுப்புக்குள் வந்ததோ அவர்கள் பெயர் மட்டும் ரிஜிஸ்டரில் இருக்காது. 'இது நமக்கில்லை' என்று ஒருமுறை ஒதுங்கிவிட்ட பிள்ளையைத் திரும்ப இழுத்துவர ஒரு கல்வியாண்டே போய்விடுகிறது. அதற்குள் அவன் ஏழாம் வகுப்பு. கோழிக்குஞ்சு இன்னும் சின்னதாகிவிடும்.

"அளக்காம எப்படிக்கா முன்னேற்றம் தெரியும்?" என்று தம்பி கேட்டார். அளக்கட்டும். நோட்டில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொள்ளட்டும், சுவரில் ஏன் ஒட்ட வேண்டும்? நிலை பிரிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தில் நான்கு நிலைகள் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களிலும் நுழை, நட, ஓடு, பற என்று அழகான பெயர்களில் நான்கு உண்டு. எல்லாமே புத்தகத்தைப் பொறுக்கி எடுக்கும் பெரியவருக்கான குறிப்பு. அதைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டும்போதுதான் வினை.

அந்த நிலைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஸ்டோரிவீவரில் முதல் நிலைக் கதை சுமார் 250 சொற்களுக்குள் இருக்கும், நான்காம் நிலை 1500 சொற்களுக்கு மேல் போகும். தமிழில் இந்த எண்ணிக்கை ஏமாற்றிவிடும். 'கண்டுபிடித்துவிட்டாள்' கணக்கில் ஒரே சொல். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கும். பக்கத்துக்கு நாலே சொல் உள்ள புத்தகத்தில் இப்படி இரண்டு வந்தால் தீர்ந்தது. கதை நீளமாக இருந்தாலும் 'பூனை வந்தது, பால் குடித்தது, ஓடியது' என்று சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப வந்தால் அதே பிள்ளை தாண்டிப் போய்விடும். அதனால் நீங்களே வாய்விட்டு வாசித்துப் பார்த்து, பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

சரி, எழுத்துக்கூட்டும் ஆறாம் வகுப்புக்காரனுக்கு எதைக் கொடுப்பது? எங்களுக்குக் கைகொடுத்த வழிகளில் முதலாவது, அவன் சொன்ன பொய்யையே நிஜமாக்கியது. நடுநிலைப் பள்ளியென்றால் அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்பு இருக்கும். "புதன்கிழமை மதியம் ஒண்ணாவதுக்குக் கதை படிச்சுக் காட்ட ஆள் வேணும், யார் வர்றீங்க?" என்று வகுப்பு முழுவதையும் கேளுங்கள். இப்போது கோழிக்குஞ்சுப் புத்தகத்தைச் சரளமாக வாசிப்பவளும் எடுக்கிறாள், எழுத்துக்கூட்டுகிறவனும் எடுக்கிறான். பொடிசுகள் முன்னால் மானம் போகக் கூடாதே என்று இரண்டு பேருமே நாலு தடவை வாசித்துப் பழகுகிறார்கள். நாம் கெஞ்சியும் நடக்காத 'திரும்ப வாசி' இதில் தானாக நடக்கும். ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், நடுவில் புகுந்து திருத்த வேண்டாமென்று. ழகரம் சரியாக வரவில்லை என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை விழுந்தால் அடுத்த புதன்கிழமை அவனுக்குக் காய்ச்சல்தான்.

இன்னொரு வழி, கதையில்லாத புத்தகம். பாம்பு, லாரி, கிரகம், மீன். அதே வகுப்பில் கடல் மீன்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை விரித்து, சிவப்பாக இருந்த ஒன்றைக் காட்டி "இது சங்கரா" என்றார் தம்பி. எக்செல் ஷீட்டில் பச்சையாக இருந்த ஒருவன் பின்னாலிருந்து எழுந்து வந்தான். "சங்கரா இல்லண்ணா, நவரை. தாடையில ரெண்டு மீசை தொங்குது பாருங்க." குனிந்து பார்த்தால் தொங்கியது. அந்தப் பீரியட் முடியும்வரை புத்தகம் அவன் மடியைவிட்டு இறங்கவில்லை. வாயில் தினமும் புழங்கும் பெயர்களை எழுத்தில் தேடிக்கொண்டிருந்தான். வஞ்சிரம், பார்த்ததும் சொன்னான். காரப்பொடி, சொன்னான். திமிங்கிலத்தில் நின்று எழுத்துக்கூட்டினான். காசிமேட்டு ஏலத்துக்கு அது வருவதில்லையே.

அந்த மீன் புத்தகத்துக்கு ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சிவப்பு.

சொந்த வார்த்தையில் சொல்லி முடிப்பது

வாசிப்புப் பீரியடில் உட்கார்ந்து பார்த்தால் பாதிப் பேர் வாசிப்பதே இல்லை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே "ஒரு ஊர்ல ஒரு யானை இருந்துச்சாம்" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். கதை சொல்வது தனிக் கலை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தாராளமாகச் சொல்லுங்கள். கையில் புத்தகம் விரிந்திருந்தால், அச்சில் இருப்பதை இருந்தபடியே வாசியுங்கள். வீட்டில் பேப்பர்கூட வாங்காத பிள்ளைக்கு 'சென்றது', 'என்றாள்', 'ஆகவே' எல்லாம் காதில் விழும் இடம் பாடப்புத்தகத்தை விட்டால் இதுதான். காதில் விழாத எழுத்து நடையைக் கண்ணால் வாசிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் முட்டிக்கொள்ளும்.

புரியுமோ என்ற பயம் வேண்டாம். ஒரு பக்கம் வாசித்துவிட்டு, "யானைக்கு ஏன் கோவம் வந்துச்சு?" என்று பேச்சிலேயே கேளுங்கள். பதில் மெட்ராஸ் பாஷையில் வரட்டும். சிரித்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குத் திரும்புங்கள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி "புதிய சொற்களை நோட்டுல எழுதுங்க" என்று ஆரம்பித்தீர்களோ, அன்றைக்கு இரண்டு தமிழ்ப் பீரியட்.

நீதி

கேட்காதீர்கள்.

புத்தகக் காட்சியில் மூட்டை கட்டுவது

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பபாசி (தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம்) நடத்தும் புத்தகக் காட்சி, 1977-இல் தொடங்கியது. 10 சதவீதத் தள்ளுபடி. கையில் நன்கொடைப் பணம் இருந்தால் ஒரு பரவசம் வந்துவிடும். தலைப்புக்கு ஒரு பிரதி என்று நூறு புத்தகங்களை அள்ளிக்கொண்டு ஆட்டோ பிடிப்பார்கள். நாற்பது பேர் வகுப்பில் ஒற்றைப் பிரதியை வைத்து என்ன செய்வது? ஒருத்தி சிரித்துக்கொண்டே படித்தால் பக்கத்தில் இருப்பவளுக்கும் அதே புத்தகம் வேண்டும், அப்போதே வேண்டும். நூறு தலைப்புக்குப் பதில் இருபது தலைப்பு, ஐந்தைந்து பிரதி வாங்குங்கள்.

எந்த இருபது? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அரைநாள் உட்காருங்கள். எந்தப் புத்தகத்தின் முனை மழுங்கி, அட்டை தொளதொளத்துப் போயிருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பரிசு வாங்கிய புத்தகம், பத்திரிகையில் பாராட்டு வந்த புத்தகம் எல்லாம் இந்தச் சிபாரிசுக்குப் பிறகுதான்.

கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கும் வகுப்பென்றால், சென்னையிலேயே இயங்கும் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களைப் பாருங்கள். ஒரே கதை ஆங்கிலம்-தமிழ், ஆங்கிலம்-இந்தி என்று தனித்தனிப் பதிப்பாகக் கிடைக்கும். இரண்டையும் வாங்கிப் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். படம் ஒன்றுதான் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்து, ஒருவர் புத்தகத்தை ஒருவர் எட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

பணமே இல்லையென்றால் ஸ்டோரிவீவர் இருக்கிறது. 2015-இல் வந்தது, கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் மட்டும் போடாதீர்கள். இரவுக் காட்டில் கரடி ஒளிந்திருக்கும் பக்கம் வெறும் கறுப்புக் கட்டமாக வந்து நிற்கும். கரடி எங்கே என்று நாற்பது பேரும் உங்களைத்தான் கேட்பார்கள்.

கிழிந்ததற்குக் காசு

இன்னும் நடக்கிறது, நம்புங்கள். புத்தகம் கிழிந்தால் பிள்ளையிடம் விலையை வசூலிப்பது. வசூலாகும் தொகை ஒரு டீ, வடைக்குத்தான் காணும். ஆனால் ஒரு வீட்டில் பணம் வாங்கிய செய்தி தெருவுக்குள் போய்விட்டால், "எடுத்தாராத, கிழிஞ்சா துட்டு கேப்பாங்க" என்று அம்மாக்களே தடுத்துவிடுவார்கள். பிறகு எந்தப் புத்தகமும் பள்ளி கேட்டைத் தாண்டாது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில் முதல் விதியே, புத்தகம் பயன்படுத்துவதற்காக என்பதுதான். நூலகவியல் படித்த எல்லாரும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விதி.

செல்லோ டேப், கத்தரிக்கோல், ஊசி, கெட்டி நூல். ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு ஜன்னலோரம் வையுங்கள். கிழித்தவரே ஒட்டட்டும். நடுப் பின் கழன்றால் அந்த ஓட்டைகள் வழியாகவே நூல் விட்டு முடிச்சுப் போடலாம். வகுப்பில் யாராவது ஒருத்தி இதில் உங்களைவிடக் கெட்டிக்காரியாக இருப்பாள், டப்பாவை அவள் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

ஸ்மார்ட் போர்டில் பிடிஎஃப்

புத்தகம் கையில் கிடைக்காதபோது மட்டும்.

கீழ்த்தட்டு

பீரோவின் கீழ்த்தட்டை அக்டோபர் பாதிக்குள் காலி செய்துவிடுங்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தரைத்தள வகுப்பறையில் ஒரு மழைக்காலம் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அப்படியும் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்துவிடும். பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து, ஃபேனுக்குக் கீழே காயவிடுங்கள். பளபளப்புத் தாள் புத்தகத்தை ஈரமாக இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். ஒட்டியபடி காய்ந்துவிட்டால் போனது போனதுதான்.