ரத்தக்குழாய் சிடி படம் தெளிவாக வர என்ன செய்யலாம்?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஸ்கேன் சென்டர்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ரத்தக்குழாய் படம் மங்கலாக வந்தால் உடனே மெஷினைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் கோளாறு ஊசியிலோ மூச்சிலோ நேரத்திலோதான் இருக்கும். குழாய் படத்தில் தெரிய ஊசி வழியாக ஏற்றும் அயோடின் மருந்து (கான்ட்ராஸ்ட்) குழாய்க்கு வந்து சேராவிட்டால், அதை எந்த மென்பொருளும் பிற்பாடு காட்டித் தராது.

முதலில் ஊசி. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), அலர்ஜி விவரம் பார்த்து டாக்டர் சரி சொன்ன பிறகு, முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான் (நரம்பில் பொருத்தும் ஊசிக்குழாய்), அதாவது 18 கேஜ் அளவு, போடுங்கள். நரம்பு மெல்லிசாக இருந்தால் ரோஸ் நிறம், 20 கேஜ். நெஞ்சுப் பகுதிக்கு வலது கை நல்லது. இடது கையில் போட்டால், பெருந்தமனி வளைவை ஒட்டிக் குறுக்கே போகும் சிரையில் அடர்ந்த மருந்து நின்று படம் முழுக்கக் கோடு இழுக்கும். மருந்து விநாடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் போக வேண்டியிருப்பதால், முதலில் சலைனைத் தள்ளி, ஊசி முனை இருக்கும் இடத்தில் தோல்மேல் விரலை வைத்துப் பாருங்கள். வீங்கினால் வேறு இடத்தில் போடுங்கள். மருந்துக்குப் பின்னாலேயே 30 முதல் 50 மில்லி சலைன் போகட்டும்.

அப்புறம் மூச்சு. அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். தோட்டத்து வேலையை விட்டு வந்திருக்கும் பெரியவருக்கு மெஷினின் பதிவுக்குரல் புரியாது. பக்கத்தில் நின்று, "ஏனுங்கய்யா, சாதாரணமா மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்க, முக்க வேண்டாமுங்க" என்று சொல்லி, அவர் வயிற்றையே பாருங்கள். அசையாமல் நிற்கும்வரை திரும்பப் பழக்குங்கள். ஆழமாக இழுத்தால், மருந்து கலக்காத ரத்தம் வயிற்றுப் பக்கமிருந்து இதயத்துக்கு ஏறி, நுரையீரல் தமனியில் மருந்து நீர்த்துப்போகும். "உடம்பெல்லாம் சூடாகும், ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் உடம்பை உதற மாட்டார்.

நேரத்துக்கு, பெருந்தமனியின் நடுவில் ஒரு வட்டம் வைத்து, அடர்த்தி 100 முதல் 150 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடி படத்தின் அடர்த்தி அலகு) தாண்டியதும் ஸ்கேன் தொடங்கும்படி அமைப்பது வழக்கம். வட்டம் சுவரிலுள்ள சுண்ணாம்புப் படிவைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் மருந்து வருமுன்பே ஸ்கேன் ஓடிவிடும். கால் ரத்தக்குழாய்க்கு இன்னொரு எச்சரிக்கை: மேசை மருந்தை முந்திப் போனால் பாதம் காலியாகத் தெரியும், அடைப்பு என்று தப்பாகப் படிப்பார்கள்.

ஒல்லியானவர்களுக்கு எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை 120க்குப் பதில் 100 கேவி வையுங்கள். அயோடின் இன்னும் பளிச்சென்று தெரியும், கதிர்வீச்சும் குறையும். படத்தில் புள்ளி கொஞ்சம் கூடும், அதை, புள்ளியைக் குறைக்கும் மென்பொருள் முறையான இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் பார்த்துக்கொள்ளும். பருமனானவர்களுக்கு இது வேண்டாம்.

கடைசியாக, 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனில், மென்மையான கெர்னலில் (படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் அமைப்பு) எடுங்கள். குழாய்க்குள் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) இருந்தால் கூர்மையான கெர்னலிலும் ஒரு செட் அனுப்புங்கள். விண்டோவை (திரையில் காட்டும் அடர்த்தி எல்லை) அகலமாக வைத்தால்தான் சுண்ணாம்புப் படிவு ஊதிப் பெருத்து, குழாய் அடைத்ததுபோல் காட்டாமல் இருக்கும். எம்ஐபி படம் (பளிச்சென்ற பகுதிகளை மட்டும் ஒரே படமாகச் சேர்த்துக் காட்டுவது) அழகாக இருக்கிறதென்று அதை மட்டும் அனுப்பாதீர்கள். குறுக்குவெட்டுப் படங்களும் ரேடியாலஜிஸ்ட் கைக்குப் போக வேண்டும்.