கேனா, பாட்டிலா? பீரை அடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் "கேனா, பாட்டிலா?" என்று கேட்கும்போதே மனதுக்குள் முடிவெடுத்திருப்பார்கள். கேன்தான். காரணம் கேட்டால், "இப்போ எல்லாரும் கேன்தானே?" 2002-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஆஸ்கர் ப்ளூஸ் என்ற ப்ரூவரி (பீர் ஆலை) தன் பேல் ஏல் வகை பீரைக் கேனில் அடைத்தபோது, கேன் என்றாலே மட்டமான பீர் என்று பேசிய காலம். இன்று நிலைமை தலைகீழ். எனக்கும் கேனோடு சண்டை இல்லை. ஆனால் கேன் என்று முடிவானதும் நடக்கிற தப்புகள் வரிசைகூட மாறாமல் நடக்கின்றன; எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தப்புகள். கழுவாமல் நிரப்புவது, தேதி அச்சடிக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகப் புரிந்துவிடும்.

கேன் காப்பாற்றிவிடும் என்று நம்புவது

கேனுக்குள் வெளிச்சம் போகாது. ஒழுங்காக மூடியபின் காற்றும் போகாது. பாட்டிலில் கிரவுன் மூடி என்ற தகர மூடிக்குள் இருக்கும் லைனர் படலம் வழியாக ஆக்சிஜன் மெதுவாக ஊடுருவிக்கொண்டே இருக்கும். இதுவரை கேன் கட்சிக்குத்தான் வெற்றி.

நிரப்பும்போதே உள்ளே போய்விட்ட ஆக்சிஜனை என்ன செய்வது? நல்ல பாட்டில் நிரப்பி முதலில் பாட்டிலிலிருந்து காற்றை உறிஞ்சும், கார்பன் டை ஆக்சைடு விடும், மறுபடி உறிஞ்சும், அதற்குப் பிறகே பீரை விடும். கேனில் அப்படி உறிஞ்சினால் கேன் நசுங்கிவிடும். போதாததற்கு வாய் வேறு அகலம். சிறிய ப்ரூவரிகள் வாங்கும் நிரப்பிகளில் பெரும்பாலும் பீர் காற்றுப் படும்படி திறந்த கேனில்தான் நிரம்புகிறது. நுரை விளிம்பு வரை எழுந்து நிற்க, அந்த நுரையின் மேலேயே மூடி வந்து உட்கார வேண்டும். நுரையில் பெரிய குமிழியோ பள்ளமோ தெரிந்தால் அதில் இருப்பது காற்று.

அடைத்த பீரில் மொத்த ஆக்சிஜன் 100 பிபிபிக்குள் (பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு) இருப்பது நல்லது. கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூ தூக்கலான ஐபிஏ போன்ற பீருக்கு 50-க்குள் வந்தால் நிம்மதி. அளக்கும் கருவி இல்லையென்றால், ஒரே நாளில் அடைத்த கேன்களில் ஒன்றை ஃப்ரிட்ஜிலும் ஒன்றை 30 டிகிரியிலும் ஒரு வாரம் வைத்து, இரண்டையும் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். மங்கலான மஞ்சளில் இருந்த ஐபிஏ பழுப்புக்குப் போயிருந்தால், வாசனையில் பழத்துக்குப் பதில் நனைந்த அட்டைப்பெட்டி அடித்தால், குற்றவாளி நிரப்பிதான்.

பாட்டிலை மூடுவதும் கேனை மூடுவதும் ஒன்றுதான் என்ற நினைப்பு

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வரும். எத்தனை பேரிடம் சொன்னாலும், "வெளியே பார்த்தா நல்லாத்தானே இருக்கு?" என்பதே பதில்.

கிரவுன் மூடி எளிமையான சமாச்சாரம். 21 பல், ஒரு அழுத்து, கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். வட்டத் துளை போட்ட கேஜை மேலே வைத்துப் பார்த்தால் சரியா இல்லையா என்று நொடியில் தெரியும். கேன் அப்படி அல்ல. மூடியின் விளிம்பும் கேனின் விளிம்பும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ரோலர் சுருட்டிவிடும், இரண்டாவது ரோலர் இறுக்கித் தட்டையாக்கும். இப்படி உருவாகும் மடிப்பு இணைப்புக்குப் பெயர் சீம். அதைக் குறுக்கே வெட்டினால் 5 அடுக்கு உலோகம் இருக்கும்: மூடியுடையது 3, கேனுடையது 2. எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சம். பீரின் தலையெழுத்து உள்ளே ஒளிந்திருக்கும் இரண்டு கொக்கிகள் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன என்பதில் இருக்கிறது. வெளியிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது.

தெரிந்த ப்ரூவரி ஒன்றில் வழக்கமான மூடி கிடைக்கவில்லை என்று வேறு இடத்தில் வாங்கினார்கள். பழையதும் 202, புதியதும் 202. அளவு எண் ஒன்றுதானே என்று ஓட்டிவிட்டார்கள். 202 என்பது விட்டத்தை மட்டும்தான் சொல்லும். மூடியின் உள்சுவர் சாய்வு ரகத்துக்கு ரகம் மாறும், மூடிக்குள் உட்கார்ந்து அதைப் பிடிக்கும் 'சக்' என்ற பாகத்தையும் அதற்கேற்றபடி சீமரில் (கேனை மூடும் இயந்திரத்தில்) மாட்ட வேண்டும். அன்றைக்கு வந்த கேன்கள் பளபளவென்று இருந்தன. சில வாரங்களில் கேன்களை அடுக்கிய பேலட்டின் அடி அட்டைகள் ஊறிப்போய்ப் புளித்த வாடை. கசிந்தவை கொஞ்சம்தான். ஆனால் வழிந்த பீர் பக்கத்துக் கேன்களின் மேல் நின்று அலுமினியத்தை அரிக்க, நன்றாக மூடிய கேன்களும் ஒழுக ஆரம்பித்தன. எது நல்லது எது கெட்டது என்று பிரிக்க வழியில்லாமல் மொத்தத்தையும் கொட்டினார்கள். வெளியே சொட்டாமல் வாயுவை மட்டும் விட்ட கேன்களும் இருந்தன. கையில் அழுத்தினால் மெத்தென்று அமுங்கின.

இதற்கு மருந்து சீமைப் பிரித்துப் பார்ப்பதுதான். மூடியின் நடுப்பகுதியை வெட்டி எடுங்கள், மிச்சப் பட்டையை இடுக்கியால் உரியுங்கள், கொக்கியை மெல்லத் தட்டிக் கழற்றுங்கள். மைக்ரோமீட்டரில் இரண்டு கொக்கிகளையும் அளந்து, மூடி கொடுத்தவரின் அளவுத்தாளோடு ஒப்பிடுங்கள். மூடிக் கொக்கியின் உட்பக்கம் சுருக்கம் விழுந்திருந்தால் சீம் இறுகவில்லை. கேனின் கொக்கி குட்டையாக இருந்தால் சீமரில் கேனைத் தாங்கும் அடித்தட்டு போதுமான அழுத்தம் தரவில்லை. எப்போதெல்லாம் பிரிக்க வேண்டும்? ஓட்டம் தொடங்கும் முன், மூடி மாறினால், கேன் அளவு 355 மில்லியிலிருந்து 473-க்குப் போனால், இடையில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை. பிரித்த கேன் வீண்தான், வீணாகட்டும். இதற்கென்று ஒரு ஆளை நிறுத்த முடியாதவர்கள் பாட்டிலிலேயே இருக்கலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பச்சை பாட்டில்

வேண்டாம். பீரைக் கெடுக்கும் வெளிச்சத்தைப் பச்சை தடுக்காது. பழுப்பு மட்டும்.

இன்னும் புளிக்கக்கூடிய பீரைக் கேனில் அடைப்பது

ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, அதன்மேல் பழக்கூழைக் கொட்டி, அப்படியே கேனில் அடைத்துவிடுகிறார்கள். சர்க்கரை கிடைத்தால் ஈஸ்ட் சும்மா இருக்குமா? சாதாரண பீர் கேன் சுமார் 90 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு) அழுத்தம் வரை தாங்கும். அதற்குமேல் மூடி உப்பி எழும், பிறகு வெடிக்கும். "குளிரில் வைக்கவும்" என்று லேபிளில் எழுதினால் கடைக்காரர் கேட்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பாஸ்ச்சரைஸ் செய்யுங்கள், அல்லது பழச் சர்க்கரை முழுக்கப் புளித்து முடியும்வரை தொட்டியில் விடுங்கள். உள்ளேயே மறுபடி புளிக்க வேண்டிய பெல்ஜிய வகை பீர்களுக்கு, அந்த அழுத்தத்துக்கென்றே செய்த தடித்த பாட்டில்தான் சரி.

வெதுவெதுப்பாக நிரப்புவது

நிரப்பும்போது பீர் 0 முதல் 2 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்குமேல் நுரையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

முதல் பீருக்கே அச்சடித்த கேன்

அச்சடித்த கேனை ஒரு லாரி லோடாகத்தான் பெரும்பாலும் தருவார்கள்; சுமார் 2 லட்சம் கேன். 2021 கடைசியில் கேன் தயாரிக்கும் பால் (Ball) நிறுவனம் ஒப்பந்தமில்லாத வாடிக்கையாளர்களுக்கு அதையும் ஒரு வடிவமைப்புக்கு 5 லோடு என்று உயர்த்தியபோது சின்ன ப்ரூவரிகள் திண்டாடிப் போயின. பீரின் செய்முறையே இன்னும் நிலைக்காதபோது, ஆல்கஹால் அளவை அலுமினியத்தில் அச்சடித்து வைப்பானேன்? வெற்றுக் கேனும் ஸ்டிக்கர் லேபிளும் போதும். லேபிளைக் காலிக் கேனில், காய்ந்திருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். குளிர்ந்த பீர் நிரம்பியபின் கேன் வியர்க்கும், அதன்மேல் ஒட்டினால் பெட்டிக்குள் போவதற்குள் ஓரம் கிளம்பிவிடும்.