புறொக்சி வழியாக உபுண்டு அப்டேட்: கையொப்பப் பிழை வந்தால் என்ன செய்வது?

கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ சிம் போட்ட ஒற்றை ரவுட்டரை நம்பிக் கணினி நிலையம் நடத்தினால், ஒரே மென்பொருள் பொதியை எல்லா மெஷினும் தனித்தனியாக இறக்க டேட்டா தாங்காது. அதனால்தான், ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைத்து எல்லா மெஷினுக்கும் தரும் ஸ்குவிட் போன்ற கேஷ் புறொக்சியை நடுவில் வைக்கிறோம். சில நேரம் பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கட்டளை கையொப்பப் பிழையில் (கோப்பு அசலானதுதானா என்ற சோதனையில் தவறி) நிற்பதும் இந்தப் புறொக்சியால்தான். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

1. பிழையை முழுதாக வாசியுங்கள். ‘நோ பப்கீ’ என்றால் கையொப்பத்தைச் சோதிக்கும் சாவியே உங்களிடம் இல்லை. புறொக்சியைக் குறை சொல்லாதீர்கள். ‘நோஸ்பிளிட்’ என்றால் கோப்புக்குப் பதிலாக ஏதோ வலைப்பக்கம் வந்திருக்கிறது. பெரும்பாலும் டேட்டா முடிந்த அறிவிப்பு. ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்றால் மெஷினின் கடிகாரம் பிந்தி நிற்கிறது. மதர்போர்ட் பேட்டரி செத்த பழைய மெஷின்களில், கரண்ட் போய் வந்தபின் இது வரும். ‘பேட்சிக்’ (கையொப்பம் பொருந்தவில்லை) அல்லது ‘ஹாஷ் சம் மிஸ்மேட்ச்’ (கோப்பின் சரிபார்ப்பு எண்ணான ஹாஷ் பொருந்தவில்லை) என்றால்தான் கேஷ் மீது சந்தேகப்படலாம்.

காரணம் இதுதான். பொதிப் பட்டியல்களின் ஹாஷ்களைச் சொல்லும் ‘ரிலீஸ்’ கோப்பும் அதன் கையொப்பமும் தனித்தனிக் கோப்புகள். புறொக்சி ஒன்றை நேற்றையதாகவும் மற்றதை இன்றையதாகவும் கொடுத்தால் இரண்டும் பொருந்தாது. இப்போது இரண்டும் ‘இன்ரிலீஸ்’ என்ற ஒரே கோப்பில் வருகின்றன. ஆனாலும் அது புதிதாகவும் ‘பேக்கேஜஸ்’ பட்டியல் பழையதாகவும் வந்தால் ஹாஷ் பிழை வரலாம்.

2. புறொக்சியைத் தவிர்த்துப் பாருங்கள். ஆப்ட் அமைப்பில் உள்ள புறொக்சி வரியை நிறுத்திவிட்டு, ஒரு மெஷினை மட்டும் போன் ஹொட்ஸ்பொட்டில் இணையுங்கள். பிழை போனால் சந்தேகம் உறுதி. பிறகு பழையபடி மாற்றிவிடுங்கள்.

3. மெஷினைத் துப்பரவாக்குங்கள். வார், லிப், ஆப்ட் வழியே போய் ‘லிஸ்ட்ஸ்’ கோப்புறைக்குள் இருப்பவற்றை அழியுங்கள். அதோடு நின்றால் புறொக்சி பழையதையே திரும்பத் தரும். ஆகவே அப்டேட் கட்டளையில் ‘-ஓ அக்வயர்::எச்டிடிபி::நோ-கேஷ்=ட்ரூ’ என்று சேருங்கள்.

4. ஸ்குவிட்டைத் திருத்துங்கள். நிரந்தரத் தீர்வு இதுதான். அமைப்புக் கோப்பில் ரிலீஸ், இன்ரிலீஸ், பேக்கேஜஸ் கோப்புகளுக்கு ஒரு ‘ரிஃப்ரெஷ் பேட்டர்ன்’ வரி எழுதி, மதிப்பாக 0 0% 0 கொடுங்கள் (பழைய நகலை அப்படியே தராமல், புதிதா என்று சேர்வரிடம் கேட்கச் சொல்வது இது). முதலில் பொருந்தும் வரியையே ஸ்குவிட் எடுக்கும் என்பதால் இதை மற்ற வரிகளுக்கு மேலே வையுங்கள். ‘டெப்’ பொதிகளின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் அவற்றை நீண்ட நாள் வைத்திருக்கலாம். டேட்டா மிச்சப்படுவதும் அவற்றில்தான். பிறகு ‘ஸ்குவிட் -கே ரீகொன்ஃபிகர்’.

எச்டிடிபிஎஸ் முகவரிக்கு மாறினாலும் பிழை போகலாம். ஆனால் ஸ்குவிட் அதை வழக்கமாகக் கேஷ் செய்யாது. பிறகு புறொக்சி வைத்து என்ன பயன்? கையொப்பச் சோதனையையே நிறுத்தச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நடுவில் யார் எதை மாற்றி அனுப்பினாலும் மெஷின் ஏற்றுக்கொண்டுவிடும்.

போன் ஹொட்ஸ்பொட்டிலும் அதே பிழை வந்தால் மிரர் சேர்வரே (உபுண்டு கோப்புகளின் நகலை வைத்திருக்கும் சேர்வர்) பாதி புதுப்பிப்பில் நிற்கலாம். சில மணி நேரம் விட்டுப் பாருங்கள், அல்லது வேறு மிரருக்கு மாற்றுங்கள்.