கேட்கும் முன்பே கொடுத்துவிடாதீர்கள்: ஆட்டிசக் குழந்தைகளிடம் புதிய தன்னார்வலர்கள் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் என்பதால், மார்ச் மாதக் கடைசியிலிருந்தே சென்னையின் சிறப்புப் பள்ளிகளுக்குத் தன்னார்வலர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், சனிக்கிழமைக் காலையை ஒதுக்கிக்கொண்டு வரும் ஐ.டி. ஊழியர்கள் எனப் பலரும் வருவார்கள். முதல் நாள் முடிவில் அவர்கள் எழுதித் தரும் குறிப்புகளில், “குழந்தை தன் உலகத்திலேயே இருக்கிறான்” என்ற வாக்கியம் தவறாமல் இருக்கும். பயிற்சிக் காலத்தில் சிறப்பாசிரியர்களாகிய நாங்களும் அதையேதான் எழுதினோம் என்பதால், அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் கவலையும் சேர்ந்தே வரும்.

குழந்தையைத் திட்டக் கூடாது, எதிரே நின்று பரிதாபப்பட்டு அழக் கூடாது என்பவற்றையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. நல்ல மனத்தோடு வருபவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

மணமும் ஓசையும்

ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கண்டறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. வகுப்பறையில் இதன் பொருள் மிக எளிது: தலை நிறைய மல்லிகைச்சரமும் காலில் முத்துக் கொலுசுமாக நீங்கள் உள்ளே வந்தால், ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விடலாம், இன்னொரு குழந்தை நேராக வந்து உங்கள் கூந்தலை முகர்ந்து பார்க்கலாம். முதல் குழந்தைக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்றோ, இரண்டாவது குழந்தைக்கு ஒழுக்கம் போதவில்லை என்றோ குறிப்பில் எழுதிவிடாதீர்கள். பூவும் சென்ட்டும் இல்லாமல் மறுவாரம் வந்து பாருங்கள்.

கண்ணைப் பார்க்கச் சொல்லுதல்

சொல்லாதீர்கள். பார்க்காமலும் அவனால் கேட்க முடியும்.

கேட்கும் முன்பே கொடுத்தல்

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் நடப்பதும், இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுதான்.

பேச்சு வராத குழந்தைகளுக்குப் பட அட்டையைக் கொடுத்துப் பொருளைப் பெறும் முறையைக் கற்பிக்கிறோம். 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் உருவாக்கிய இந்த முறையின் முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் குழந்தைக்கு எதிரே, அவனுக்குப் பிடித்த பொருளோடு இருப்பார். மற்றவர் குழந்தைக்குப் பின்னால் அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாமல், அவன் பொருளை நோக்கிக் கையை நீட்டும் கணத்தில் மட்டும் அந்தக் கையை அட்டையின் பக்கம் திருப்பி, எடுத்துக் கொடுக்க உதவுவார். அந்த உதவி நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் இல்லாமல் போக வேண்டும்.

இப்படிக் கற்றுக்கொண்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் எங்களிடம் இருந்தான். தாகம் எடுத்தால், பட அட்டைகள் ஒட்டிய தன் கோப்பிலிருந்து தண்ணீர்ப் படத்தைச் சரக்கென்று பிய்த்து, அறையின் மறுகோடி வரை நடந்து வந்து, யாராவது ஒருவருடைய உள்ளங்கையில் வைத்து அழுத்துவான். அந்த அழுத்தலுக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருந்தது. அவனோடு இருக்க வந்த தன்னார்வலர் ஒருவர், அன்பானவர், கவனமுள்ளவர், அவன் பானையின் பக்கம் திரும்பினாலே டம்ளரை நீட்டிவிடுவார். செருப்பைப் பார்த்தால் வெளியே அழைத்துப் போய்விடுவார். அவன் மனத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டதாகப் பெருமையும் பட்டார். சில வாரங்களில் கோப்பு திறக்கப்படாமலேயே கிடந்தது. “மிஸ், இப்பல்லாம் அட்டையை எடுக்கிறதே இல்ல, கையைக் கடிச்சுக்கிறான்” என்று அவன் அம்மா தொலைபேசியில் சொன்னபோதுதான் இழப்பின் அளவு எங்களுக்குத் தெரிந்தது. வீட்டில் அவன் பார்வையைப் படித்துப் பரிமாற அந்தத் தன்னார்வலர் இல்லை. கேட்கும் வழியோ பயன்படாமல் மங்கிவிட்டது. மறுபடியும் முதல் கட்டத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

இதே அவசரம் பேச்சிலும் வரும். “பந்தை எடு” என்று சொல்லிவிட்டு, இரண்டு நொடிக்குள் பதில் இல்லையென்றால், “பந்து எங்கே இருக்கு? அந்தச் சிவப்புப் பந்து, கொண்டு வா கண்ணா” என்று தொடர்வார்கள். பேசுபவருக்கு அது ஒரே கட்டளைதான் என்றாலும், சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொருள் கொள்ள நேரம் எடுக்கும் குழந்தைக்கு அது மூன்று கட்டளைகள். முதலாவதை முடிக்கும் முன்பே மூன்றாவது வந்து விழுகிறது. ஒருமுறை சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். திரும்பச் சொல்ல நேர்ந்தால் அதே சொற்களையே சொல்லுங்கள். படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லை ஒலிக்கும், சென்னையில் உருவான அவாஸ் போன்ற செயலியைப் பயன்படுத்தும் குழந்தையானால், அவனுக்குப் பதிலாக நீங்கள் பொத்தானை அழுத்தாதீர்கள்.

காத்திருப்பது பலருக்கும் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். உதவ வந்துவிட்டுச் சும்மா இருப்பதாக ஒரு கூச்சம் ஏற்படுகிறது. தட்டைப் பிடுங்கி ஊட்டிவிடுவதையே பாசமென்று எண்ணும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால்தான் முறுக்கைப் பார்வையில் படும்படி, ஆனால் அவனால் திறக்க முடியாத இறுக்கமான டப்பாவில் வைக்கிறோம் என்றால், “இது கொடுமையில்லையா மேடம்?” என்று கேட்கிறார்கள். அவன் கேட்டவுடன் கொடுத்துவிடுகிறோம். இன்னொரு முறை சொல் என்று இழுத்தடிப்பதில்லை. ஓடியாடிக் களைத்திருக்கும்போதும், உடம்பு சரியில்லாதபோதும், அழுகை உச்சத்தில் இருக்கும்போதும் தண்ணீரைப் பாடமாக்குவதும் இல்லை. கழிவறைக்குப் போக அவன் தவிக்கும்போது அட்டைக்காகக் காத்திருப்பவர் எவரேனும் இருந்தால், அவரையும் இதே அளவு கண்டிப்பேன்.

திரும்பச் சொல்வதை உளறல் என்று ஒதுக்குதல்

“தண்ணி வேணுமா?” என்று உங்களிடம் கேட்கும் குழந்தை பெரும்பாலும் தனக்குத் தண்ணீர் வேண்டும் என்றுதான் சொல்கிறான், தண்ணீர் கிடைக்கும் தருணத்தில் அவன் கேட்டுப் பழகிய வாக்கியம் அதுவே. எங்கள் மாணவன் ஒருவன், மணி கோக்கும் வேலை அலுத்துவிட்டால், மெட்ரோ ரயில் அறிவிப்பின் அதே குரலில் “அடுத்த நிலையம்” என்பான். எந்தச் சூழலில், யாரிடம், எதைப் பார்த்தபடி சொல்கிறான் என்று குறித்துக்கொள்ளும் தன்னார்வலரின் நோட்டுப் புத்தகம் எங்களுக்கு மிகவும் பயன்படும்.

குழந்தையை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசுதல்

பேச்சு வராத குழந்தைக்குக் காது கேட்கும்.

மேதையைத் தேடுதல்

எந்தத் தேதிக்கும் கிழமை சொல்வானா என்று சோதிக்காதீர்கள். பெரும்பாலான குழந்தைகள் சொல்ல மாட்டார்கள். சொல்பவனும் உங்களுக்காகக் காட்சி நடத்த வேண்டியதில்லை.

சொல்லாமல் நின்றுவிடுதல்

தினசரி அட்டவணையில் சனிக்கிழமைக் கட்டத்தில் உங்கள் புகைப்படம் ஒட்டப்பட்டிருக்கும். நீங்கள் வராத சனிக்கிழமையில், அந்தப் படத்துக்கும் காலியான நாற்காலிக்கும் இடையே அலைபாயும் குழந்தையை அமைதிப்படுத்துவதிலேயே காலைப்பொழுது போய்விடும். வர முடியாது என்பதை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தெரிவித்தால், குழந்தையின் கையாலேயே அந்தப் படத்தை எடுக்கச் செய்து, மாற்று ஆளின் படத்தை ஒட்டிவிடுவோம். அடியோடு நிற்பதானால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். கடைசி நாளை அட்டவணையில் குறித்து, அடுத்து வருபவரை உங்களோடு சில மணி நேரம் சேர்த்து உட்கார வைக்க அந்த அவகாசம் தேவைப்படுகிறது.